தனு ரீச்சரும் பரீட்சைக் காய்ச்சலும்

பிள்ளையைப் பூட்டி வைத்திருந்தாளாம்! எந்தப் பூட்டால்? எங்கள் முன்கதவின் பூட்டே துருப்பிடித்துப் பழுதாகி, இரவில் கதவுக்குப் பின்னால் அரிசி வாளியை இழுத்து வைத்துவிட்டுப் படுக்கிற ஆட்கள் நாங்கள். அப்படியிருக்க, "தனுசியா தன்ரை பெட்டையை ரெண்டு வருசமா அறைக்குள்ளை போட்டுப் பூட்டி வைச்சவள்" என்று சந்திக் கடையில் நின்று சொல்லியிருக்கிறாள் அருமைநாயகி. அவள் எங்கள் பக்கத்து வளவுக்காரி. அவளுடைய அடுப்படிக்கும் எங்கள் மதிலுக்கும் இடையில் ஒரு முருங்கை மரம்தான் நிற்கிறது. எங்கள் வீட்டில் யார் தும்மினாலும் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்று சொல்லுகிறவள். பூட்டிய அறைக்குள் நடந்தது உனக்கு எப்படியடி தெரிந்தது என்று கடையில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். உளுந்துவடையும் ஊர்க்கதையும் சூடாக இருந்தால் போதும், உள்ளே என்ன இருக்கிறதென்று எவர் பிட்டுப் பார்க்கிறார்கள்?

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. சொல்லத் தெரியும். நான் சொல்லுகிறபடியே எழுது பிள்ளை. இடையில் மரியாதை பார்த்து ஒன்றையும் வெட்டாதே. அவர்கள் வெட்டியா கதைத்தார்கள்?

தனுசியா என்னுடைய கடைசி மகள். பள்ளிக்கூடப் படிப்பு முடிந்து, பல்கலைக்கழகம் மயிரிழையில் தவறிப்போனதும், வீட்டுக்குப் பின்னால் கிடுகால் ஒரு கொட்டில் போட்டு, பிள்ளைகள் இருக்க நாலு வாங்கை வாங்கிப் போட்டு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூஷன் கொடுக்கத் தொடங்கினாள். புலமைப்பரிசில் பரீட்சை என்பது பத்து வயதுப் பிள்ளைகள் எழுதுகிற பரீட்சை என்று நீங்கள் நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. அது தாய்மார் எழுதுகிற பரீட்சை. பிள்ளை பென்சிலைப் பிடிக்கும், அவ்வளவுதான். பெறுபேறு வந்ததும் நெல்லியடிக்குப் போகிற வழியெல்லாம் பனர் கட்டுவார்கள். பல் விழுந்த பிள்ளைகளின் படங்களைத் தேர்தலில் நிற்கிறவர்கள் மாதிரி வரிசையாகப் போட்டு, கீழே ஒரு மூலையில் என்னுடைய மகளின் பெயரையும் போடுவார்கள். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த மூலை என்று தெரியும்.

அந்தக் காலத்தில் தனு ரீச்சருக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வரும். பொங்கலுக்குப் பொங்கல் வரும், அதுவும் முந்திரிப்பருப்பு மேலே தெரிகிற மாதிரி. அருமைநாயகிகூட மதிலுக்கு மேலால் பிட்டுப் பெட்டியை நீட்டியவள்தான். இன்றைக்கு அதே கை மதிலுக்கு மேலால் வேறு விதமாக நீளுகிறது.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்ததுதான் ஆரபி. தகப்பன் ஜெயரூபன் கட்டாரில் வேலை. பிள்ளை வாய் திறந்த நாளிலிருந்து கதைதான். நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனால், தேருக்கு ஏன் இத்தனை சில்லு, சாமிக்கு ஏன் வேர்க்கவில்லை என்று கேட்டுப் பக்கத்தில் நிற்கிறவர்களை எல்லாம் திரும்பிப் பார்க்க வைக்கும். ஒரு தேவாரத்தை இரண்டு தரம் கேட்டால் மூன்றாம் தரம் அது பாடும். ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்தால் முடிந்தது. எழுத்துகள் அதற்கு நின்று முகம் காட்டவில்லை. இன்றைக்குப் பிடித்த எழுத்து நாளைக்கு ஓடிவிடும். பென்சிலை அழுத்தி அழுத்தித் தாள் கிழியும். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற கொப்பியைத் திறந்தால் கோழி அறுத்த இடம் மாதிரி ஒரே சிவப்பு.

ஊர் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டது. "அம்மம்மாவின்ரை மண்டையல்லோ பேத்திக்கு வந்திருக்கு" என்றார்கள். என்னுடைய மண்டையாம்! இந்த மண்டையால்தான் பெயர் எழுதத் தெரியாமலே ஐந்து பிள்ளைகளை வளர்த்து, வெங்காயத் தோட்டத்தை நடத்தி, தரகரிடம் ஒரு சதம் ஏமாறாமல் இருந்தேன். அந்த மண்டை வந்திருந்தால் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை.

தனுசியாவும் முதலில் மற்ற ஆட்கள் மாதிரித்தான் நினைத்தாள். கூடப் படிப்பித்தால் சரியாகிவிடும் என்று, மூன்றாம் வகுப்புப் படித்த பிள்ளையைத் தன்னுடைய கொட்டிலிலேயே கடைசி வாங்கில் கொண்டுபோய் இருத்தினாள். ஒருநாள் பின்னேரம் சொல்வதெழுதுதல் வைத்தாள். பத்துச் சொல். நான் வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். தனுசியா ஆரபியின் கொப்பியைத் தூக்கிப் பார்த்தாள். முகம் கறுத்தது. அடிமட்டத்தை எடுத்துக்கொண்டு திரும்பினாள். பிள்ளை அதற்கு முன்பே எழும்பிக் கையை நீட்டிக்கொண்டு நின்றது. கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த பிள்ளையில் அடி படாமல் கொஞ்சம் ஒதுங்கி நின்றது. ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல் அப்படி நிற்க வராது. பள்ளிக்கூடத்தில் எழுத்துப் பிடிபடாவிட்டாலும் அடி வாங்குகிற முறை நன்றாகப் பிடிபட்டிருந்தது.

தனுசியா அடிமட்டத்தை மேசையில் வைத்தாள். "எல்லாரும் வீட்டை போங்கோ" என்றாள். அந்தக் கிழமையோடு கொட்டிலை மூடிவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்தார்கள் தாய்மார். சாவீட்டுக்கு வருகிற மாதிரி கூட்டமாக வந்தார்கள். அழாத குறை.

"ரீச்சர், சோதினைக்கு நாலு மாசம்தான் கிடக்கு. எங்கடை பிள்ளையளின்ரை எதிர்காலத்தை யோசிச்சியளோ?"

"என்ரை பிள்ளையின்ரையை யோசிச்சனான்."

"உங்கடை பிள்ளை பாவம் ரீச்சர்... அது வேறை."

"என்ன வேறை?"

அந்தக் கேள்விக்கு மட்டும் அவர்களுடைய மாதிரி வினாத்தாளில் விடை இருக்கவில்லை. போகும்போது ஒருத்தி கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, வாங்குகளை விற்கிற எண்ணம் உண்டோ என்று கேட்டாள். வாயில் எதிர்காலம், கண் வாங்கில்!

யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டர் பிள்ளையிடம் ஆரபியைக் காட்டினோம். சின்ன வயதுப் பெட்டை, ஆனால் நிதானமாகக் கதைத்தாள். பிள்ளைக்கு அறிவில் குறை இல்லை, எழுத்தையும் ஒலியையும் பொருத்துவதுதான் அதற்கு மற்றவர்களை விடக் கஷ்டம், கெதியாக மாறாது, அடித்தால் ஒருநாளும் மாறாது என்றாள்.

அடுத்த நாள் தனுசியா பள்ளிக்கூடத்துக்குப் போய் அதிபர் சோமசேகரத்தாரைக் கண்டாள். பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கப் போகிறேன் என்றாள். ஏன், எதற்கு, இங்கே என்ன குறை என்று ஒரு அதிபர் கேட்க வேண்டாமா? அவர் தேத்தண்ணி கொடுத்தாராம்! "நல்ல யோசனை ரீச்சர். வீட்டிலை வைச்சு ஆறுதலாப் படிப்பியுங்கோ. இடைக்கிடை ரெண்டு நாள் வந்து முகத்தைக் காட்டினாக் காணும், பேர் எங்கடை பள்ளிக்கூடத்திலையே கிடக்கட்டும்" என்றாராம். சுமை இறங்கின மாட்டுக்குக்கூட முகத்தில் அவ்வளவு சந்தோசம் தெரியாது.

அப்படித்தான் வீட்டுப் படிப்புத் தொடங்கியது. முதல் மாதங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எத்தனையோ பிள்ளைகளைப் படத்தோடு பனரில் ஏற்றினவளுக்குத் தன்னுடைய பிள்ளைக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. பழைய முறையையே மெதுவாகச் செய்து பார்த்தாள். பிள்ளை மேசையைக் கண்டாலே அடுப்படிக்கு ஓடியது. பிறகு ஒருநாள் கொப்பி, பென்சில் எல்லாவற்றையும் அலுமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு, கேற்றுக்குப் பெயின்ற் அடித்த பழைய பிரஷையும் ஒரு வாளித் தண்ணீரையும் பிள்ளையிடம் கொடுத்து, மதிலைக் காட்டினாள்.

வெயிலில் காய்ந்த சீமெந்து மதில். தண்ணீரால் எழுதினால் கறுப்பாகத் தெரியும். பிள்ளை தன்னுடைய உயரத்துக்கு ஒரு 'அ' போட்டது. தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் கை போய் வந்தது. அது பிழையோ சரியோ, சிவப்புப் பேனாவை எடுக்கிறதுக்கு முன்னே வெயில் குடித்துவிடும். பிள்ளை சிரித்தது. எழுதுகிறபோது அந்தப் பிள்ளை சிரித்ததை நான் அதற்கு முன்பு கண்டதில்லை.

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அருமைநாயகியின் தலை எழும்பியது.

"என்ன பெரியம்மா, தாயும் மகளும் மதிலுக்குத் தண்ணி வார்க்கினம்? முளைக்குமோ?"

"உன்ரை வாய் மாதிரித் தண்ணி இல்லாமலே முளைக்கிறதுக்கு எங்கடை மதிலுக்குத் தெரியாது, நாயகி. வார்க்கத்தான் வேணும்."

தலை இறங்கியது. ஆனால் கதை இறங்கவில்லை. பள்ளிக்கூட நேரத்தில் பிள்ளை மதிலோடு விளையாடுகிறது, தாய்க்கு விசர் பிடித்துவிட்டது, தகப்பன் இல்லாத வீட்டில் இப்படித்தான் என்று கோயில் வீதி வரைக்கும் போய் வந்தது. கட்டாருக்கும் போனது. ஜெயரூபன் வீடியோவில் வந்தான்.

"மாமி, என்ன கூத்து நடக்குது அங்கை? ஆக்கள் என்னைக் கேக்கினம்."

"கேக்கிற ஆக்களை இஞ்சை அனுப்பு தம்பி, ரெண்டு வாளி தண்ணி அள்ளித் தரட்டும்."

"ரெண்டு அடி போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கோ. நாங்கள் அடி வாங்கிப் படிக்கேல்லையோ?"

"ஓம், படிச்சாய். படிச்சுத்தானே வெய்யிலுக்கை தகரம் அடிக்கிறாய்."

கெட்டவன் இல்லை அவன். கூட இருக்கிறவர்களின் பிள்ளைகள் பனரில் நிற்கிறபோது அவனுக்கும் நெஞ்சுக்குள் ஏதோ செய்யும்தானே. ஆனால் கட்டாரில் இருந்துகொண்டு விரலை ஆட்டுவது லேசு. பிள்ளை நாள் முழுக்கக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லி இருந்து பார்க்கட்டும். ஒருநாள் தனுசியா 'கொ' எழுதப் பழக்கினாள். 'க'வுக்குப் பிறகுதானே 'ஒ' சத்தம் வருகிறது, கொம்பை மட்டும் ஏன் முன்னுக்குக் கொண்டுபோய் வைக்கிறது என்று பிள்ளை கேட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கேள்வி நியாயமாகப் பட்டது. தனுசியா, "எனக்கும் தெரியேல்லையடா" என்றாள். பத்து வருடமாக ஊருக்குப் படிப்பித்தவள் தெரியாது என்று சொன்னது அன்றைக்குத்தான். பிள்ளைக்கு அது பெரிய சந்தோசம். தாய்க்கும் தெரியாத ஒன்று தனக்குத் தெரியாமல் இருப்பதில் என்ன வெட்கம்?

மதிலிலிருந்து சிலேற்றுக்கு வந்தார்கள். சிலேற்றிலிருந்து அகலக் கோடு போட்ட தாளுக்கு வந்தார்கள். மட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற மாதிரி ஓட்டை வெட்டி, அதைப் புத்தகத்தில் வைத்து நகர்த்தி வாசித்தார்கள். நெல்லியடிச் சந்தைக்குப் போகிற நாளில் பஸ்ஸுக்குள் இருந்து கடைப் பலகைகளை வாசித்தார்கள். பஸ் ஓடினால் எழுத்தும் ஓடிவிடும் என்பதால் பஸ் நிற்கிற இடத்துப் பலகை மட்டும். கண்டக்டர் பெடியன் அதைக் கவனித்து, ஒரு கடைக்கு முன்னால் வேண்டுமென்றே தாமதித்து மணி அடிக்கத் தொடங்கினான். அவ்வளவு பெரிய பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் வராத பொறுமை பஸ்ஸில் தொங்குகிறவனுக்கு வந்தது.

பொய் சொல்ல மாட்டேன். பிள்ளை மேதையாகிவிடவில்லை. ஐந்தாம் வகுப்பு வயது வந்தபோதும் மற்றப் பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதுகிற நேரத்தில் அது நாலு வரி எழுதும். அதிலும் ஒன்றிரண்டு எழுத்து முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் எழுதியது. அழாமல் எழுதியது. வாசித்துவிட்டு, வாசித்ததைப் பற்றி என்னுடன் சண்டை பிடித்தது.

அப்போதுதான் சோமசேகரத்தார் வந்தார். பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருந்தது. வெள்ளை உடுப்பு, திருநீறு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். வாழைப்பழத்தோடு வருகிற அதிபரைக் கண்டால் பயப்பட வேண்டும். கதிரையில் இருந்து, என்னுடைய முழங்காலைப் பற்றி விசாரித்து, மழையைப் பற்றிக் கதைத்து, கடைசியில் இருமினார்.

"ரீச்சர், ஆரபியின்ரை பேரும் சோதினைக்குப் போயிருக்கு. பேர் பள்ளிக்கூடத்திலை கிடந்தபடியாலை போட்டுது. உங்களுக்குத் தெரியாததே, எழுதினதிலை எத்தினை வீதம் பாஸ் எண்டுதான் மேலை பாக்கிறாங்கள். அண்டைக்குப் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோவன்."

வெளியூர் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் ஊரில் ஒரு காய்ச்சல் உண்டு. அது நுளம்பால் வராது, மழையால் வராது. வருடத்தில் ஒரே ஒரு நாள், புலமைப்பரிசில் நடக்கிற அன்றைக்குத்தான் வரும். அதுவும் ஆளைப் பார்த்து, எழுத்துக் குறைந்த பிள்ளைக்குத்தான் வரும். காலையில் வந்து, வினாத்தாள் கட்டி முடிந்ததும் மத்தியானம் போய்விடும். பின்னேரம் அந்தப் பிள்ளைகள் ஒழுங்கையில் சைக்கிள் ஓடும். அது என்ன காய்ச்சல் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வீதம் கிடைக்கும், ரியூஷன்காரருக்குப் பனர் கிடைக்கும். பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? தான் எண்ணிக்கையில் சேர்த்தி இல்லை என்ற செய்தி கிடைக்கும்.

என்னுடைய மகளும் அந்தச் சேற்றில் நின்றவள்தான். கொட்டில் ஓடின காலத்தில் அருமைநாயகியின் மகன் நிருஷன் அவளிடம் படித்தான். கெட்டிக்காரன் இல்லை, குழப்படிக்காரனும் இல்லை. அந்த வருடம் தனுசியா மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று, "நாயகியக்கா, அண்டைக்கு அவனுக்குக் காய்ச்சல் எண்டு வீட்டிலை மறிச்சிடுங்கோவன்" என்றாள். நாயகி மறித்தாள். மறித்தவளும் சேர்ந்துதான் செய்தாள். ஆனால் அன்றைக்குப் பிறகு பிட்டுப் பெட்டி வரவில்லை. நாயகியின் வாயில் இருக்கிற நஞ்சுக்கு ஊற்று எங்கே என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவளை நான் மன்னிக்கப் போவதில்லை. கோபம் தாயில் இருந்தால் தாயை ஏசட்டும். பிள்ளையில் ஏன் துப்புகிறாள்?

சோமசேகரத்தாருக்கு நான்தான் பதில் சொன்னேன்.

"சேர், காய்ச்சல் குளுசை கொஞ்சம் கிடக்கு. கொண்டு போறியளோ? அண்டைக்கு உங்களுக்குத் தேவைப்படும்."

"ஆச்சி, நான் பிள்ளையின்ரை நன்மைக்குத்தான்..."

"அம்மா, சும்மா இருங்கோ" என்றாள் தனுசியா. அவரிடம், "யோசிச்சுச் சொல்லுறன் சேர்" என்றாள். வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது. கொடுக்கவில்லை, நல்ல இனிப்பு இதரைப்பழம்.

அவர் போனதும் அறைவாசலில் நின்ற ஆரபி கேட்டது, "அம்மா, எனக்குக் காய்ச்சல் வருமோ?"

தனுசியாவின் பயம் எனக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போனால், பிள்ளை அந்தப் பெரிய மண்டபத்தில், சுற்றிவர எல்லாப் பென்சிலும் ஓடுகிற சத்தத்துக்குள் இருந்து, பழையபடி கையை நீட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கிவிடுமோ? இரண்டு வருடம் கட்டினது ஒரு காலையில் இடிந்துவிடுமோ? கூட்டிக்கொண்டு போகாவிட்டால், பிள்ளை தன்னைப் பற்றி ஊர் சொன்னதைத் தாயின் வாயாலும் கேட்டதாகிவிடும்.

"உனக்குப் போக விருப்பமோ?" என்றாள்.

"எல்லாத்தையும் முடிக்கேலாது."

"முடிக்கேலாதுதான்."

"முடிக்காட்டி?"

"தெரிஞ்சதைச் செய். தெரியாததை விட்டிட்டு அடுத்ததுக்குப் போ. மணி அடிச்சா எழும்பி வா. நான் வாசலிலை நிப்பன்."

"அப்ப எனக்குக் காய்ச்சல் இல்லை" என்றது.

கடைசியில் பிள்ளை எத்தனை மார்க்ஸ் எடுத்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். சந்திக் கடையில் கேளுங்கள். என்னுடைய பேத்தியின் மார்க்ஸ் அங்கே எல்லாருக்கும் பாடம்.

பரீட்சை நாள் காலையில் சீருடை போட்டு, தலை இழுத்துப் பின்னி, திருநீறு பூசி விட்டேன். ஒரு வாய் இடியப்பம்தான் சாப்பிட்டது. முன்கதவைத் திறந்தால், கேற்றடியில் அருமைநாயகி. முருங்கைக்காய் பறிக்க வந்தவளாம். முருங்கை நிற்பது அவளுடைய அடுப்படிப் பக்கத்தில்.

"என்ன ரீச்சர், வெள்ளையும் சொள்ளையுமா எங்கை பயணம்? பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டெல்லோ அதிபர் சொன்னவர்?"

ஒழுங்கையில் வேறு பிள்ளைகளோடு போய்க்கொண்டிருந்த தாய்மார் நடையைக் குறைத்தார்கள். காது மட்டும் எங்கள் பக்கம். நான் வாயைத் திறந்தேன். தனுசியா என்னுடைய கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, கேற்றடிக்குப் போனாள்.

"நாயகியக்கா, அந்த வருசம் நிருஷனுக்கும் காய்ச்சல் இல்லை. நான்தான் அவனைச் சோதினைக்கு விட வேண்டாம் எண்டு சொன்னனான். என்ரை பேருக்காகச் சொன்னனான்."

ஒழுங்கை முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாள். அருமைநாயகியின் வாய் திறந்தபடி நின்றது, ஒன்றும் வரவில்லை. அவளை எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும். வாய் திறந்து ஒன்றும் வராமல் அவள் நின்றது அந்த ஒரு தரம்தான். நடையைக் குறைத்த தாய்மார் திடீரென்று தங்கள் பிள்ளைகளின் ரிபனைச் சரிபார்க்கத் தொடங்கினார்கள்.

பிறகு நாயகி விலகினாள். கேற்றின் ஒரு பக்கக் கதவைத் தானே இழுத்தும் பிடித்தாள். அது மரியாதையோ, வெட்கமோ, நான் ஆராயப் போகவில்லை.

ஆரபி தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கியது. "அம்மம்மா, போட்டு வாறன்" என்றது.

"வா" என்றேன்.

தனுசியா பிள்ளையின் கையைப் பிடிக்கவில்லை. பக்கத்தில் நடந்தாள். இரண்டு பேரும் ஒழுங்கையின் நடுவால், ஒருவருக்கும் ஒதுங்காமல், பஸ் தரிப்பிடத்தின் பக்கம் போனார்கள்.